ஓயாச் சில்லும் பேட்டன்ட் இலக்கமும்

தானாகவே சுழலும், ஒருக்காலும் நிற்காத சில்லைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னவர்கள் உலகத்தில் கனபேர். அவர்களை ஒரே அலுமாரியில் பார்ப்பதென்றால் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தேடலுக்குப் போக வேண்டும். நூலகப் புத்தகங்களைப் போல அங்கே பேட்டன்ட் ஆவணங்களுக்கும் பகுப்பிலக்கம் உண்டு. எஃப் 03 ஜி 7/10 என்ற இலக்கத்தின் தலைப்பு, ‘ஓயா இயந்திரங்கள் எனக் கூறப்படுபவை’. தமிழ் படித்த எனக்கு அந்தக் ‘கூறப்படுபவை’தான் முதலில் கண்ணில் பட்டது. ஆவணத்தை வைத்துக்கொள்கிறார்கள், சாட்சி மட்டும் சொல்லவில்லை.

விடுமுறையில் இரண்டு கிழமையாக அந்த அலுமாரியைக் கிண்டினேன். புவியீர்ப்புச் சில்லுகளில் வரைபடம்தான் மாறுகிறது, எண்ணம் மாறுவதில்லை. இறங்கும் பக்கம் பாரம் அச்சிலிருந்து தள்ளி நிற்கும், ஏறும் பக்கம் கிட்ட வரும். ஆகவே இறங்கும் பக்கமே எப்போதும் வெல்லும் என்பது கணக்கு. ஆனால் தள்ளி நிற்கும் பாரங்கள் எண்ணிக்கையில் குறைவு, கிட்ட நிற்பவை கூட. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட, கையால் சுற்றிவிட்ட வேகத்தையும் உராய்வு தின்றுவிடுகிறது.

இந்த எண்ணம் பேட்டன்ட் சட்டத்தை விடப் பழையது. 1150 அளவில் பாஸ்கரர் ‘சித்தாந்த சிரோமணி’யில், ஆரங்களுக்குள் பாதி இரசம் நிரப்பிய சில்லொன்றை விவரித்தார். இரசச் சில்லும் சம்மட்டிகள் தொங்கும் சில்லும் அரபுக் கையெழுத்துப் பிரதிகளிலும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வில்லார் த ஒன்கூர் ஏழு சம்மட்டிச் சில்லை வரைந்தார். இந்தியாவிலிருந்து அரபுலகம் வழியாகவே இது ஐரோப்பாவுக்குப் போனது என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் வாதிட்டார்.

இதை வாசித்தவுடன் ‘எங்கட முன்னோர் அன்றைக்கே கண்டுபிடித்தார்கள்’ என்று மேடையில் சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது என்பேன், ஏனென்றால் அந்தச் சில்லும் சுழலாது. பெருமைக்கு வேறு ஆள் இருக்கிறார். 1206இல் நூலை முடித்த அல்-ஜஸரி ‘ஓயாக் குழல்’ என்று ஒரு கருவி செய்தார். பெயர்தான் ஓயாக் குழல். அதை ஊதவைப்பது வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும் தண்ணீர். தண்ணீர் வரும் குழாயையும் அவர் ஒளிக்காமல் விளக்கியிருக்கிறார்.

பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775இலேயே ஓயா இயந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அமெரிக்க அலுவலகம் வழக்கமாக மாதிரி கேட்பதில்லை. அதன் கைந்நூல் ஓயா இயந்திரத்தை மட்டும் அதற்கு விதிவிலக்காக்குகிறது. பிரித்தானிய அலுவலகம் இவற்றைத் தொழிற் பயன்பாடு அற்றவை எனத் தள்ளிவிடுகிறது.

அப்படியென்றால் இத்தனை ஆவணங்கள் எப்படி வந்தன? விண்ணப்பம் போட்டு 18 மாதத்தில் அது பொதுவாக வெளியிடப்படும், உரிமை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஐரோப்பிய ஆவண இலக்கத்தின் கடைசியில் ‘ஏ’ இருந்தால் அது வெறும் விண்ணப்பம், ‘பி’ இருந்தால் வழங்கப்பட்ட உரிமை. நான் தேடப் போனதே இதற்காகத்தான். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் மின்சாரம் தரும் சில்லு என்று ஒரு ஐரோப்பிய இலக்கத்தைக் காட்டிப் பங்குப்பணம் சேர்த்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பணிக்கொடையைக் கொடுக்க நின்றார். இலக்கத்தைத் தட்டிப் பார்த்தேன்: கடைசியில் ‘ஏ’. சேருக்கு ஆவணத்தை அச்சடித்துக் கொடுத்தேன். பணம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.