கருவிழிப் புண்ணும் மேற்கோள் கணக்கும்: மதுரை ஆய்வுகளைத் தெற்கிலிருந்து வாசித்தல்

மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் தரத்தை அவருடைய கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபோது, ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகள் வழியே பயணப்பட்டது என்று தேடுவதற்கான கருவியாகவே அதை முன்வைத்தார். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் எச்-குறியீட்டை வகுத்தார்: 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது பெற்றிருந்தால் குறியீடு 20. தேடுவதற்கு உருவான கருவி மெல்ல மெல்லத் தீர்ப்புச் சொல்லும் கருவியானது. தேசிய நிறுவனத் தரவரிசையில் கட்டுரைகளின் எண்ணிக்கையும் மேற்கோள்களும் மதிப்பெண்களாகின்றன. நம் விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் மருந்தியல் கல்லூரியும் இயங்குகின்றன. இராஜபாளையத்திலும் கல்லூரிகள் உள்ளன. இங்குள்ள இளம் ஆய்வாளர் எந்தத் தலைப்பை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இந்த மதிப்பெண்ணும் அவர் மனத்தில் வந்து நிற்கிறது. மேற்கோள் கணக்கு ஆய்வின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. அது காட்டாமல் விடும் பகுதியில்தான் இவ்வட்டாரத்து மக்களின் நலன் அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்றாக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவிழிப் புண் ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

நோயை முதலில் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், கரும்பும், தென்னையும், பருத்தியும் விளையும் பூமி இது. அறுவடையில் நெல்லின் சுணை கண்ணில் படுவதும், கரும்புத் தோகை கருவிழியைக் கீறுவதும் அன்றாடம் நடப்பவை. கீறல் சிறியது, அதன் வழியே பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போனால் சில நாள்களில் புண்ணாகிறது. காலம் தாழ்த்தினால் கருவிழி ஓட்டையாகிறது, அல்லது ஆறியபின் வெள்ளைத் தழும்பு நிற்கிறது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது, மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவது என்று முதல் நாள்கள் கழிந்துவிடுகின்றன. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் வேகமாகப் பரவும்.

இந்நோயை எண்ணிக்கையில் கொண்டுவந்த ஆய்வு மதுரையில் நடந்தது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மு. சீனிவாசனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். அவர்களில் 65.4 விழுக்காட்டினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. பெரும்பாலும் வயல்வேலையில் பட்ட காயம். கிருமி வளர்ப்புச் சோதனையில் 297 பேருக்குக் கிருமி தெரிந்தது. அவர்களுள் 140 பேருக்கு பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை. குளிர்நாட்டுப் பாடநூல்களில் அரிதென்று எழுதப்பட்டிருந்த பூஞ்சைப் புண் இங்கே பாக்டீரியாப் புண்ணுக்குச் சமமாக நின்றது. பூஞ்சைகளில் முதலிடம் மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியத்துக்கு. 1997-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளிவந்த இக்கட்டுரையை நம் பகுதியின் வேளாண்மையைப் பற்றிய ஆவணமாகவும் நான் வாசிக்கிறேன். ஒரு மருத்துவமனையின் மூன்று மாதப் பதிவேடு ஒரு நிலத்தின் தொழிலையே காட்டிக் கொடுக்கிறது.

ஓராண்டுக்கு முன், 1996-இல், அதே குழுவினர் மதுரை மாவட்டத்தின் நோய்வீதத்தைக் கணித்து வெளியிட்டிருந்தனர்: 1993-இல் பத்தாயிரம் பேருக்கு 11.3 பேர். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டெட் வட்டாரத்தில் கணித்ததைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த வீதத்தை இந்தியா முழுமைக்கும் பொருத்தியபோது ஆண்டுக்கு 8,40,000 பேர் என்ற மதிப்பீடு கிடைத்தது. 1993-இல் மதுரை மாவட்டம் இன்றைய தேனியையும் உள்ளடக்கியிருந்தது; ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் மறுபக்கமும் வத்திராயிருப்பை ஒட்டிய பேரையூர்ப் பகுதியும் அந்த எல்லைக்குள் இருந்தன. இன்றைய விருதுநகர் மாவட்டம் கணக்கில் சேரவில்லை. மண்ணும் பயிரும் ஒன்றாக இருக்க, மாவட்டக் கோடு மட்டும் இடையில் ஓடியது.

இனி கூட்டாய்வு பற்றி. இந்திய மருத்துவமனை நோயாளிகளைத் தரும், மேலைநாட்டு ஆய்வகம் கட்டுரையை எழுதும் என்ற குறை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் மதுரைக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராக்டர் அறக்கட்டளைக்கும் இடையே வளர்ந்த உறவு இதிலிருந்து விலகி நிற்கிறது. பிராக்டரின் ஜான் விட்சரும் சீனிவாசனும் இணைந்து 1997-இல் எழுதிய தலையங்கம் கருவிழிப் புண்ணை வளரும் நாடுகளின் ஓசையற்ற கொள்ளைநோய் என்று உலகுக்கு அறிவித்தது. அடுத்த தலைமுறையில் அவ்வறக்கட்டளையின் தாமஸ் லீட்மன், நிஷா ஆச்சாரியா ஆகியோருடன் சேர்ந்து பெரிய மருந்தாய்வுகள் நடந்தன. ஸ்டீராய்டு ஆய்வின் முதல் ஆசிரியர் சீனிவாசன். பூஞ்சை மருந்து ஆய்வின் முதல் ஆசிரியர் அதே அரவிந்த் மருத்துவமனையின் ந. வெங்கடேஷ் பிரஜ்ணா. பணத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு: அமெரிக்க தேசியக் கண் நிறுவனமே நிதி வழங்கியது. நம் வயல்களின் நோய்க்கு நம் நாட்டு நிதி முன்வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மருந்தாய்வுகளின் முடிவுகள் தெளிவானவை. 2012-இல் வெளியான ஸ்டீராய்டு ஆய்வில் பாக்டீரியாப் புண்ணுள்ள 500 பேர் பங்கேற்றனர். மூன்று மாதம் கழித்துப் பார்வைத் திறனில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஒட்டுமொத்தமாக வேறுபாடு தெரியவில்லை. 2013-இல் வந்த பூஞ்சை ஆய்வில் 368 பேர். பழைய, எளிய நாட்டமைசின் சொட்டு மருந்து புதிய வோரிகொனசோலைவிடச் சிறந்தது என்று நிறுவப்பட்டது. ஃபியூசேரியத்தால் வந்த புண்ணில் இந்த வேறுபாடு மிகுதி. 2016-இல் வந்த அடுத்த ஆய்வு வோரிகொனசோல் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதாலும் கருவிழி ஓட்டையாவது குறையவில்லை என்று காட்டியது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒரு கூலித்தொழிலாளிக்கு விலையுயர்ந்த மருந்தை எழுதித்தராமல் இருக்க ஒரு மருத்துவருக்கு இதனால் ஆதாரம் கிடைத்தது. அவர் எழுதும் மருந்துச்சீட்டில் கட்டுரையின் பெயர் இராது. அது எந்தத் தரவுத்தளத்திலும் மேற்கோளாகப் பதிவாகாது. ஆனால் ஆய்வின் முதன்மையான பயன் அந்தச் சீட்டுதான்.

இதைவிடக் கூர்மையான சான்று தடுப்பாய்வு. நேபாளத்தின் பக்தபூரில் உபாத்யாயும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணில் கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு போடப்பட்டவர்களுக்குப் புண் வரவில்லை. பூஞ்சை மிகுந்த தென்னிந்தியாவில் இது பலிக்குமா என்று சீனிவாசனும் தோழர்களும் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். 48,039 பேர் கொண்ட கிராமப்புற மக்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். கீறல் கண்டவர்களுக்கு மூன்று நாள் களிம்பு போடப்பட்டது. சிகிச்சை பெற்ற 374 பேரில் 368 பேருக்குச் சிக்கலின்றி ஆறியது. செலவு சொற்பம். தேவைப்பட்டதெல்லாம் ஒரு நீல ஒளி விளக்கு, சாயத்தாள், களிம்புக் குழாய், பயிற்சி பெற்ற ஒருவர். சிகிச்சை ஆய்வு அடுத்த மருந்து, அடுத்த அளவு, அடுத்த ஒப்பீடு என்று கட்டுரைகளைப் பெருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதை மேற்கோள் காட்டும். தடுப்பு வெற்றி பெற்றால் புண்ணே இல்லை, எனவே எழுதுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. மேற்கோள் எண்ணை மட்டும் நம்பும் ஒரு துறை தன்னையறியாமல் தடுப்பைக் கைவிட்டுச் சிகிச்சையின் பக்கம் சாயும். இந்தச் சாய்வை நான் தற்செயலாகக் கருதவில்லை. அளவுகோலின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

மேற்கோள் எண்ணே பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஒரே துறைக்குள், ஒத்த வயதுடைய ஆய்வாளர்களிடையே, அது ஓரளவு உதவும். அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களைத் தொகுத்து ஐயோனிடிஸ் குழுவினர் 2019 முதல் வெளியிடும் பட்டியல், ஆசிரியர் வரிசையில் ஒருவரின் இடத்தையும் தன்மேற்கோளையும் கணக்கில் எடுப்பது முன்னேற்றமே. ஆனாலும் துறைகள் மாறினால் ஒப்பீடு பொய்த்துவிடும். செய்முறைக் கட்டுரைகளைப் பாருங்கள்: சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1925-இல் ஃபிஸ்கேயுடன் எழுதிய பாஸ்பரஸ் அளவீட்டுக் கட்டுரையைப் பல தலைமுறை ஆய்வகங்கள் மேற்கோள் காட்டின. அதே சுப்பாராவ் லெடர்லி ஆய்வகத்தில் தலைமையேற்று உருவாக்கித் தந்த அமினோப்டெரினைக் கொண்டுதான் ஃபார்பர் 1948-இல் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கண்டார். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் பெயர் இல்லை. யானைக்கால் நோய்க்கு அவர் குழு தந்த மாத்திரை நம் ஊர்களில் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டது. அவருடைய பணியில் மேற்கோளாக மாறியது எது, மாறாதது எது என்று பிரித்துப் பார்த்தால் நம் அளவுகோலின் குறை விளங்கும்.

2012-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோளை, தனிமனிதரின் தரமாகக் கொள்ளாதீர்கள் என்று கேட்டது. அது போதாது என்றே நினைக்கிறேன். ஆய்வாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். யாருடைய நோயை ஆராய்ந்தீர்கள்? கூட்டாய்வில் கேள்வியை வகுத்தவர் யார், தரவு யார் கையில் இருக்கிறது? முடிவு எந்தச் சிகிச்சை நெறியில், எந்த மருந்துப் பட்டியலில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சேர்ந்தது? மதுரை ஆய்வுகள் இம்மூன்றுக்கும் விடை வைத்திருக்கின்றன. உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பூஞ்சைக் கருவிழிப் புண் வருவதாக 2021-இல் மதிப்பிடப்பட்டிருக்கும் நிலையில், விடை தேடும் வேலை முடிந்துவிடவில்லை.

ஆகவே கிருஷ்ணன்கோவில், இராஜபாளையம் கல்லூரிகளின் ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களின் கருவிழிப் புண் வீதத்தை மதுரையின் 1993 முறையில் கணக்கிடுங்கள். கீறல் பட்டதிலிருந்து முதல் மருத்துவரைப் பார்க்கும்வரை கழியும் மணி நேரத்தைப் பதியுங்கள். மருந்துக்கடைகளில் அந்த இடைவெளியில் என்ன விற்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைக் கண் பிரிவையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் கூட்டாசிரியர்களாக்குங்கள். அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் குறைவாகவே வரலாம். பதவி உயர்வுக் குழு அதற்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.