கேள்வி யாருடையது? சலினாஸ் பள்ளத்தாக்கு ஆய்வுகளும் சமூகப் பங்கேற்பும்

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸும் ஸ்ட்ராபெரியும் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்கள். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்து அவர்களின் உடுப்பில் ஒட்டி வீடுவரை வருகிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கெனாசி தலைமையில், 1999–2000இல் 601 கருவுற்ற பெண்களோடு இங்கு சமாகோஸ் ஆய்வு தொடங்கியது. ஆர்கனோபாஸ்பேட் மருந்தின் சிதைபொருள் கர்ப்ப காலத்தில் மிக அதிகமாக இருந்த ஐந்திலொரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்திலொரு பங்கினரின் பிள்ளைகளைவிட, ஏழு வயதில் நுண்ணறிவு ஈவில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்ததை 2011இல் அது வெளியிட்டது.

இவர்களைப் போன்ற ஹிஸ்பானிக் மக்களின் நலவாழ்வு ஏற்றத்தாழ்வை ஆராயும் திட்டங்களில் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற தலைப்பு இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. பல இடங்களில் அது ஸ்பானிய மொழியில் துண்டறிக்கை அச்சிடுவதோடும், புரொமோத்தோரா எனப்படும் ஊர்ப் பெண்களைக் கொண்டு ஆள் சேர்ப்பதோடும் நின்றுவிடுகிறது. ஆள் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வின் கேள்வியையும் முறையையும் மாற்றும் உரிமை மக்களுக்கு இல்லாதவரை அதைப் பங்கேற்பு என்று ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கை கழுவுதலையே எடுத்துக்கொள்வோம். வேலைச் சூடு தணியாத கையைக் குளிர்ந்த நீரில் கழுவினால் மூட்டுவலி வரும் என்ற நம்பிக்கை மெக்சிகோ விவசாயத் தொழிலாளரிடையே பரவலாக உண்டு. இதைக் கேட்டறியாத ஆய்வாளர், குழாயடிக்கு வராதவர்களைச் சுகாதார அறிவு போதாதவர்கள் என்று எழுதிவிடுவார். மாண்டரே கவுண்டியின் ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் நடந்த ஒரு தலையீட்டு ஆய்விலோ சோப்பு, கையுறை, மேலங்கி இவற்றோடு வெந்நீரும் தரப்பட்டது. தொழிலாளியைத் திருத்துவதற்கு முன் தண்ணீரை மாற்ற வேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் பேசினால்தான் கிடைக்கும்.

இதற்கும் ஒருபடி மேலே சென்றது எர்மோசா ஆய்வு. 14 முதல் 18 வயதுள்ள 100 லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள், தாம் வழக்கமாகப் பூசும் அழகுசாதனங்களை விட்டு, தாலேட், பாரபென், டிரைக்ளோசன் போன்ற வேதிப்பொருள்கள் சேராதவற்றை மூன்று நாள் பயன்படுத்தினார்கள். முன்னும் பின்னும் சிறுநீர் சோதிக்கப்பட்டது. மெத்தில் பாரபென் ஏறத்தாழ 44 விழுக்காடும், டிரைக்ளோசன் 36 விழுக்காடும் குறைந்தன. இந்த ஆய்வை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் சலினாஸ் இளைஞர்களே ஆய்வாளர்களாக இருந்தார்கள் என்பது, என் மதிப்பீட்டில், இந்த எண்களைவிடப் பெரிய செய்தி.

மக்கள் கைபட்டால் ஆய்வின் கறார்த்தன்மை குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால் எத்தில், பியூட்டில் பாரபென்களின் அளவு எதிர்பாராமல் கூடியிருந்ததையும் எர்மோசா மறைக்காமல் வெளியிட்டது. கட்டுப்பாட்டுக் குழு இல்லாதது அதன் குறைதான். பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஆய்வுகளிலும் அக்குறை உண்டு.

பங்கேற்பு மட்டும் நஞ்சை அகற்றிவிடாது. கலிபோர்னியாவில் குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தின் பயன்பாடு 2020 இறுதியில் ஏறக்குறைய முற்றாக நின்றது மாநில அரசின் நடவடிக்கையால். அதே மருந்துக்குக் கூட்டாட்சி அரசு 2021இல் பிறப்பித்த உணவுப் பயிர்த் தடையை 2023இல் நீதிமன்றம் நீக்கியது. ஆணைகள் இப்படி மாறக்கூடியவை என்பதால், தரவும் அதை எடுத்துப் பேசும் திறனும் பாதிக்கப்பட்ட ஊரிலேயே இருக்க வேண்டும். நிதி வழங்கும் அமைப்புகள் விண்ணப்பத்தில் இரண்டைக் கேட்கட்டும்: கேள்வியை எழுப்பியவர் யார்? பணத்தில் எத்தனை பங்கு ஊரார் பொறுப்பில் செலவாகும்? விடையில்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பட்டும்.