பெயரும் பயணமும்: உடன்குடி வட்டாரத்தில் குழந்தை ஆதரவின் தடங்கள்

உடன்குடிக்கு அருகே மெய்ஞ்ஞானபுரத்தில் உள்ள பெண்கள் பள்ளி இன்றும் எலியட் டக்ஸ்ஃபோர்டு என்ற பெயரோடுதான் நடக்கிறது. வடக்கே சாயர்புரம், மக்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்த சாயர் என்ற வணிகரின் பெயரைத் தாங்குகிறது. களக்காட்டுப் பக்கத்து டோனாவூர், 1820களில் மிஷனரி ரேனியுஸ் ஐயரின் பணிக்குப் பணம் அனுப்பிய பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் பெயர். அந்தப் பிரபு இந்த மண்ணை மிதித்ததே இல்லை. இவ்வட்டாரத்து வரைபடத்தை நன்கொடைப் பேரேடாகவும் வாசிக்கலாம்.

ஊருக்குக் கொடையாளர் பெயர் வைப்பதில் பெரிய கேடு ஒன்றுமில்லை. பிள்ளைக்கு வைத்தபோதுதான் சிக்கல் வந்தது. 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் விடுதிப் பள்ளிகளில், ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது அன்றைய வழக்கம். கடல் கடந்து போன பணத்துக்குப் பிள்ளையின் பெயரே ரசீது. அந்த மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் 'கரோல்' ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தின் வாடைதான்.

இன்று யாரும் பெயர் மாற்றுவதில்லை. நிழற்படம், ஆண்டுக் கடிதம், பிறகு நேரில் வருகை என்று ரசீது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. வெளிநாட்டுத் தன்னார்வலர் இரண்டு வாரப் பயணமாக வருகிறார். தாம் ஆதரிக்கும் பிள்ளையைப் பார்க்கிறார். மாலை, வரவேற்பு நடனம், பரிசுப் பை, மொழிபெயர்ப்பாளர் வழியே நாலு வார்த்தை. வந்தவரின் அன்பை நான் ஐயப்படவில்லை. அந்த இரண்டு வாரத்தில் வேலை செய்தது யார்? நடனம் பழகிய பிள்ளைதான் என்பது என் கணிப்பு.

ஆதரவுத் திட்டங்களே பயனற்றவை என்று சொல்ல முடியாது. கம்பேஷன் இண்டர்நேஷனல் அமைப்பின் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து பொருளியலாளர் புரூஸ் வைடிக் குழுவினர் 2013-இல் வெளியிட்ட கட்டுரை, ஆதரவு பெற்ற பிள்ளைகள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்ததாகக் காட்டுகிறது. ஓர் ஆண்டுப் படிப்பு சின்ன விஷயமில்லை. ஆனால் அவர்கள் அளந்தது திட்டத்தின் பயனை. விமானம் ஏறி வந்தவரின் பயனை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது விளம்பரத்தின் வழக்கம்.

இவ்வட்டாரத்தில் படிப்பைத் தடுத்தது எது? பதநீர்ப் பருவம் வந்தால் பனையேறிக் குடும்பம் விடிலிக்கு, அதாவது பனங்காட்டுக் குடிசைக்குப் போகும். அப்பன் மரத்தில், அம்மா கருப்பட்டி அடுப்படியில். கூடவே போன பிள்ளைக்குப் பள்ளி விட்டுப்போகும். இங்கே 'போர்டிங்' என்று சொல்லும் விடுதி அதற்கு மருந்தாயிற்று. அடுப்பு எரியவும் ஆசிரியை இருக்கவும் பணம் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு யார் பணம் என்று அடுப்புக்குத் தெரியாது.

இதை உணர்ந்தவராக எனக்குப் படுபவர் சாராள் தக்கர். உடல்நலிவால் இங்கிலாந்தை விட்டு நகராதவர், இந்தியாவைக் காணாதவர். சென்னையில் மிஷன் செயலராக இருந்த அண்ணன் ஜான் தக்கர் வழியாக இங்குள்ள பெண்களின் நிலையை அறிந்து, பெண் ஆசிரியைகளை உருவாக்கப் பணம் திரட்டினார். ஒரு பிள்ளைக்குப் புரவலராவதை விட, நூறு பிள்ளைக்குப் பாடம் சொல்பவளை ஆக்குவது பெரிது என்ற கணக்கு அது. பாளையங்கோட்டைக் கல்லூரி அவர் பெயரில் நிற்கிறது.

பயணம் செய்து வந்தவர்களிலும் மிஷனரி எமி கார்மைக்கேல் வேறு ரகம். 1895-இல் வந்தார், தமிழ் கற்றார், பண்ணைவிளையிலும் டோனாவூரிலும் பிள்ளைகளை வளர்த்தார். 1951-இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அவர் எழுத்தில் ஆதிக்கப் பார்வை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பார்வையாளர் அல்லர்.

தனிப்பிள்ளை ஆதரவு எவ்வளவு மெல்லிய நூல் என்பதை 2017 மார்ச் காட்டிவிட்டது. மத்திய உள்துறை அமைச்சகம் வெளிநாட்டுப் பணத்துக்கு முன்னனுமதி கேட்கவே, கம்பேஷன் இந்தியாவிலிருந்து வெளியேறியது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளின் தொடர்பு ஒருசேர அறுந்தது. அரசின் காரணங்களும் அமைப்பின் மறுப்பும் தனி விவாதம். வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கிய மெய்ஞ்ஞானபுரத்துப் பள்ளியோ, உள்ளூர்த் திருமண்டலத்தின் கைக்கு வந்து நிலைத்தது.

கொடுத்தவர்களின் கடிதங்கள் பர்மிங்காமிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் காப்பகப் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. வாங்கியவர்களின் பேச்சு எந்தப் பெட்டியிலும் அந்த அளவுக்கு இல்லை. போர்டிங்கில் படித்து இன்று எண்பதைத் தொட்டிருக்கும் பாட்டிமார் இந்த ஊர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் முதலில் அங்கே போய் உட்கார வேண்டும்.