இருசும் கடையாணியும்: திருவண்ணாமலைத் தேர்களின் இரும்புப் பாகங்கள்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோரின் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. அவற்றுள் அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது வழக்கம். இத்தேர்களின் மரச்சிற்பங்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஆனால், அந்த மரத்தையெல்லாம் தாங்கி உருளும் இரும்பைப் பற்றி, அதாவது சக்கரங்களைக் கோத்து நிற்கும் அச்சாகிய இருசு, சக்கரம் கழன்று ஓடாதபடி இருசின் முனையில் செருகப்படும் கடையாணி, இழுவைச் சங்கிலி ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். தேர் நிலைக்கு வந்து சேருமா, நடுவீதியில் நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் இவற்றின் தேய்மானத்தைப் பொறுத்ததாகவே இருந்து வந்திருக்கிறது.

அச்சு தேயும், முறியும் என்ற கவலை தமிழ் நிலத்தில் மிகப் பழையது. திருவண்ணாமலைக்கு மேற்கே, அதியமான் மரபினர் ஆண்ட தகடூரின் தலைவன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், மேடுபள்ளமான வழிகளில் உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் குறிப்பிடுகிறார்; அந்த அச்சுக்குச் சேம அச்சு என்று பெயர். உருவத்தில் சிறியவரை இகழலாகாது என்பதற்குத் திருக்குறள் காட்டும் உவமையும் பெரிய தேரின் அச்சாணியே. முறிந்தபின் செப்பனிடுவதைவிட முறியுமுன் மாற்றை ஆயத்தமாக வைத்திருப்பதே உமணர் வழக்கமாக இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

நிலையான இருசைச் சுற்றிச் சக்கரம் உருளும் அமைப்பில் இரண்டும் ஒரே விதமாகத் தேய்வதில்லை. சக்கரத்தின் நடுவில் உள்ள குடம், அதாவது இருசு நுழையும் துளைப்பகுதி, சுழன்றுகொண்டே இருப்பதால் அதன் உட்புறம் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்து துளை அகலமாகிறது. இருசோ அசையாமல் நிற்பதால், பாரத்தை வாங்கும் அதன் அடிப்பக்கம் மட்டுமே தேய்ந்து தட்டையாகிறது. இவ்விரண்டும் சேரும்போது சக்கரம் ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் முழுவதும் கடையாணியின் மேல் மோதுகிறது. ஆகவே கடையாணி வளைந்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு அமைவது அரைகுறை வேலையே ஆகும். நோய் குடத்திலும் இருசிலும் இருக்கிறது. இழுவைச் சங்கிலியின் தேய்வும் இப்படிக் கண்ணுக்கு எளிதில் படாத இடத்திலேயே நிகழ்கிறது: வளையத்தின் பக்கங்கள் புதிதுபோல் இருக்க, அடுத்த வளையத்தோடு உரசும் உள்வளைவு மட்டும் மெலிந்து போகிறது.

கோயில் தேரின் இரும்பு ஒரே நாளில் பெரும்பாரம் தாங்கி உரசி, எஞ்சிய மாதங்களில் சும்மா நின்றே துருப்பிடிக்கிறது. திருவண்ணாமலையில் இதற்கு இன்னொரு கடுமையும் சேர்கிறது. சித்திரையிலோ பங்குனியிலோ தேரோடும் ஊர்களில் வீதி உலர்ந்து கிடக்கும். இங்கே பெருந்தேர் ஓடுவது கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில். ஈரமும் மணலும் குடத்துக்குள் புகுந்து மசகோடு கலந்துவிட்டால், தேய்வைத் தடுக்க வேண்டிய மசகே அரைக்கும் பொருளாகிவிடுகிறது.

இத்தகைய இரும்புப் பாகங்களைச் செய்து செப்பனிடும் வேலையின் அடிப்படை அறிவு ஊர்க் கொல்லர்களிடம் இருந்தது. மாட்டுவண்டிகளே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். மரச்சக்கரத்தின் விளிம்பில் ஏற்றும் இரும்புப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வளைத்துப் பற்றவைப்பர். பின்னர் அதைத் தரையில் கிடத்தி வறட்டி அடுக்கித் தீ மூட்டுவர். பழுத்து விரிந்த பட்டாவை இருவர் மூவர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கிச் சம்மட்டியால் தட்டி, மரம் கருகுமுன் தண்ணீர் ஊற்றுவர். பட்டா சுருங்கும்போது ஆரக்கால்கள் முனகிக்கொண்டு இறுகும். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சில் பூசுவதும் இவர்களுடைய மரபே.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவு தொழிற்சாலைக்கு இடம் மாறியது. 1926இல் தீக்கிரையான திருவாரூர் ஆழித்தேர் புதிதாகச் செய்யப்பட்டும் இடையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970இல் மீண்டும் ஓடியது. அதற்கு இரும்பு அச்சுகளையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் திருச்சி பெல் நிறுவனம் செய்தளித்தது. அதன்பின் பெரிய கோயில்கள் பலவும் இரும்புச் சக்கரத்துக்கு மாறின. கொதிகலன் செய்யும் அந்த ஆலை தேர் அச்சும் செய்தது பெருமைக்குரியதுதான். எனினும், பழுதுபார்க்கும் பொறுப்பு ஊர்ப் பட்டறையிலிருந்து விலகிப் போனதும் அதே மாற்றத்தால்தான்.

அண்ணாமலையாரின் பெரிய தேர் 2024இல் செப்பனிடப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில், திருவிழாவுக்கு முன்னரே மாட வீதிகளில் வெள்ளோட்டம் விடப்பட்டது. வெள்ளோட்டம் என்பது சாமி எழுந்தருளாமல் தேரை ஓட்டிப் பார்க்கும் சோதனை ஓட்டம். சிற்பத்தின் குறையை நிலையில் நிற்கும் தேரிலேயே கண்டுபிடித்துவிடலாம். இருசின் குறையோ பாரத்தோடு உருளும்போதுதான் வெளிப்படும் என்பதால், இரும்பு வேலையைப் பொறுத்தவரை இதுவே உண்மையான தேர்வு. உருட்டிப் பார்க்க இயலாதபோது கொல்லர்கள் செவியை நம்பினர்: இருசைச் சிறு சுத்தியலால் நுனியிலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே போவார்கள், பழுதற்ற இரும்பு கணீரென ஒலிக்கும், உள்ளே கீறல் ஓடியிருந்தால் அந்த இடத்தில் ஒலி மங்கும். இன்று அதே கீறலைக் கேளா ஒலிக் கருவியால் தேட முடிகிறது.