கரை உடைப்பும் வாய்க்கால் அடைப்பும்: அம்மாவின் மாத்திரைக் கதை

எங்க வீட்டு அடுப்பங்கரை அலமாரியில ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. அதுலதான் அம்மாவோட மாத்திரைங்க. பிரஷருக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, அப்புறம் அம்மா "ரத்த மாத்திரை"ன்னு சொல்ற சின்ன வெள்ளை மாத்திரை ஒண்ணு. எகோஸ்பிரின் 75. இந்தப் பதிவு அந்தச் சின்ன மாத்திரையைப் பத்தினது.

ரெண்டு வருஷம் முன்னாடி நவரை அறுப்பு நேரத்துல களத்துக்கு சோறு எடுத்து வந்த அம்மா கையில இருந்து கரண்டி நழுவி விழுந்துச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அரை மணி நேரத்துல எல்லாம் சரியாயிடுச்சு. "வெயில்டா, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டாங்க. நல்லவேளையா நான் நம்பல. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் இதைக் குட்டி அட்டாக்னு சொன்னார். பெரிய பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி அடிக்கிற மணி. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த மாத்திரை.

பக்கவாதம் எங்க ஊருக்குப் புதுசு இல்லை. பாரிச வாயுன்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல எங்க தெருவுல ஒருத்தருக்கு வந்தப்போ புறா ரத்தம் தேடி அலைஞ்சதும், ஆந்திரா பக்கம் ஒரு ஊருக்கு வேன் வெச்சு கூட்டிப் போனதும் ஞாபகம் இருக்கு. அவர் அதுக்கப்புறம் திண்ணையை விட்டு எழுந்திருக்கலை.

உத்திரமேரூர்னா உங்களுக்கு குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகம் வரும். ஆனா இதே காஞ்சிபுரம் மாவட்டத்துல, பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற திருமுக்கூடல்ல, வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவத்துல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1069 வாக்குல வெட்டினது. கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடம், விடுதி, கூடவே 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கப் பெண்கள் ரெண்டு பேர், எல்லாருக்கும் இவ்வளவு நெல்லுன்னு சம்பளக் கணக்கு. ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளோட பட்டியலையும் கல்லுலயே வெட்டியிருக்காங்க. அதுல பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த ஒரு தைலம் வருது. வாத நோய்க்குன்னு பழைய வைத்தியம் வெச்சிருந்த சரக்கு அது. கை கால் இழுத்துக்கிட்ட யாராவது ஒருத்தர் அந்த 15 படுக்கையில ஒண்ணுல படுத்திருப்பார்னு அங்க நிக்கும்போதெல்லாம் நெனச்சுக்குவேன். தைலம் தேய்ச்சிருப்பாங்க, சோறு போட்டிருப்பாங்க. அடுத்தது வராம தடுக்க அப்போ உலகத்துல யார்கிட்டயும் வழி இல்லை.

வழி வந்ததும் சுத்தி வளைச்சுத்தான். 1763-ல எட்வர்ட் ஸ்டோன் என்ற இங்கிலாந்து பாதிரியார், ஆத்தங்கரையில வளர்ற வில்லோ மரப்பட்டையைக் காயவெச்சு இடிச்சு, குளிர்காய்ச்சல் வந்தவங்க ஐம்பது பேர் வரைக்கும் கொடுத்துப் பார்த்து ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1897-ல ஜெர்மனியில பேயர் கம்பெனியோட ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அந்தப் பட்டைச் சரக்கோட உறவுக்காரனைச் சுத்தமான தூளா செஞ்சார். 1899-ல அதுக்கு ஆஸ்பிரின்னு பேர் வெச்சாங்க. அப்புறம் அரை நூற்றாண்டு அது வெறும் தலைவலி மாத்திரைதான்.

அடுத்த ஆள்தான் எனக்குப் பிடிச்சவர். லாரன்ஸ் கிரேவன். கலிபோர்னியாவுல க்ளென்டேல் ஊர்ல குடும்ப டாக்டர். டான்சில் அறுத்த நோயாளிங்களுக்கு வலி தெரியாம இருக்க ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுத்தார். அதை நிறைய மென்னவங்களுக்கு ரத்தம் நிக்கவே இல்லை. வேற யாராவதா இருந்தா அதை நிறுத்தச் சொல்லிட்டு மறந்திருப்பாங்க. இவர் மாத்தி யோசிச்சார்: ரத்தம் உறையாம பண்ற பொருள் நெஞ்சுக்குழாய்ல உறையுறதையும் தடுக்கணுமே? தன்கிட்ட வந்த ஆண்களுக்கெல்லாம் தினம் ஆஸ்பிரின் கொடுத்தார். 1950-ல இருந்து சின்னச் சின்ன பத்திரிகைகள்ல எழுதினார். பக்கவாதத்துக்கும் இது உதவும்னு 1956-லயே சொல்லிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத கூட்டம் ஒண்ணு இல்லாததால பெரிய டாக்டருங்க கண்டுக்கல. அவரே 1957-ல மாரடைப்புல போயிட்டார். பாவம்.

முறையான கணக்கு 1978-ல கனடாவுல இருந்து வந்துச்சு. அம்மாவுக்கு வந்த மாதிரி குட்டி அட்டாக் வந்த 585 பேரை வெச்சு பார்த்ததுல, பக்கவாதமோ சாவோ வர்ற ஆபத்து ஆஸ்பிரினால 31 சதவீதம் குறைஞ்சுது. ஆனா அந்தப் பலன் ஆம்பளைங்களுக்குத்தான் தெளிவா தெரிஞ்சுது, அதனால 1980-ல அமெரிக்க அரசு ஆண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. பெண்களுக்குக் கிடைக்க 1998 ஆச்சு. அந்தப் பதினெட்டு வருஷம் எத்தனை அம்மாக்களோ.

இது எப்படி வேலை செய்யுது? வாய்க்கால் கரையில உடைப்பு வந்தா நாம என்ன பண்றோம்? வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைப்போம். ரத்தத்துல இருக்கற தட்டணுக்கள் அந்த வைக்கோல் மாதிரி. காயம் பட்ட இடத்துல ஓடிவந்து ஒட்டிக்கும். வயசான குழாய்ல கொழுப்பு படிஞ்சு சொரசொரன்னு ஆயிட்டா அதையும் காயம்னு நெனச்சு கூடிடும். கடைமடைக்குத் தண்ணி போகாது. மூளையில அதுதான் பக்கவாதம். ஆஸ்பிரின் தட்டணுவை ஒட்ட முடியாம பண்ணுது. ஒரு தட்டணுவோட ஆயுசு ஏழுலேர்ந்து பத்து நாள், அதுவரைக்கும் அது திரும்ப எழாது. இதைக் கண்டுபிடிச்ச வரிசையில ஜான் வேனுக்கு 1982-ல நோபல் பரிசு. க்ளோபிடோக்ரல்னு இன்னொண்ணு அதே தட்டணுவை வேற கதவு வழியா தடுக்கும். குட்டி அட்டாக் வந்த உடனே ரெண்டையும் சேர்த்து மூணு வாரம் கொடுத்தா நல்லதுன்னு 2013-ல சீனாவுல 5,170 பேரை வெச்சுப் பார்த்தாங்க. அம்மாவுக்கும் மொதல் 21 நாள் ரெண்டுதான், அப்புறம் ஒண்ணு. ரெண்டையும் வருஷக்கணக்கா சாப்பிட்டா ரத்தக்கசிவு ஆபத்து ஏறும்.

ஆனா மூளையில வர்றதெல்லாம் அடைப்பு இல்லை. சிலருக்குக் கரையே உடைஞ்சு ரத்தம் கசியும். ரெண்டுக்கும் வாய் கோணும், கை விழும், வெளியில ஒரே மாதிரிதான். அடைப்புக்குக் கொடுக்கற மருந்தை உடைப்புக்குக் கொடுத்தா என்ன ஆகும்னு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல நம்ம அரசு 'இதயம் காப்போம்' திட்டத்துல மாரடைப்புன்னு வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரினும் சேர்த்து 14 மாத்திரை கொடுக்க ஏற்பாடு பண்ணுச்சு. நல்ல திட்டம். ஆனா அதைக் கேட்டுட்டு எங்க ஊர்ல ஒருத்தர், பக்கவாதம் வந்தவருக்கும் வீட்டுலயே ஆஸ்பிரினைக் கரைச்சு ஊத்தப் பார்த்தார். ஸ்கேன் எடுக்காம கொடுக்கவே கூடாது. முதல்ல 108. கட்டியைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அம்மா கதைக்கு வர்றேன். போன வருஷம் பல் பிடுங்கணும்னாங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அது ரத்தத்தைத் தண்ணியாக்கற மாத்திரைடி, நிறுத்திட்டுப் போ"ன்னுட்டாங்க. அம்மா யாருக்கும் சொல்லாம நிறுத்திட்டாங்க. பல் போச்சு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க மறந்துபோச்சு. இருபது நாள் கழிச்சு ஒரு காலையில என் பேரைச் சொல்ல வரல. இப்பவும் "ர" வந்தா நாக்கு கொஞ்சம் தடுக்குது.

பல் பிடுங்கறதுக்கு பெரும்பாலும் ஆஸ்பிரினை நிறுத்தவே தேவையில்லை, மாத்திரை சாப்பிடறோம்னு பல் டாக்டர்கிட்ட சொன்னா போதும், அவர் பார்த்துப்பார்னு எங்க டாக்டர் சொன்னப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. இன்னொண்ணும் கேட்டார்: "நடவு முடிஞ்சு மூட்டு வலிக்கு கடையில மாத்திரை வாங்கிப் போடறாங்களா?" போடறாங்க. ஆஸ்பிரினோட சேர்ந்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுமாம். மலம் தார் மாதிரி கருப்பா போனா அன்னைக்கே வரணும்னார். காய்ச்சல் வந்தா டெங்குவான்னு பார்க்காம இருக்கக்கூடாதுன்னார்.

இதையெல்லாம் கேட்ட என் சித்தப்பா, "எனக்கும் ஒரு அட்டை வாங்கிக் கொடுடா, வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கறேன்"னார். அவருக்கு இதயக்கோளாறு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. 2018-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஆரோக்கியமான வயசானவங்களுக்கு ஆஸ்பிரினால பலன் தெரியல, ரத்தக்கசிவுதான் கூடுச்சு. "உனக்கு வேணாம், பிரஷரைப் பாரு"ன்னேன். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்ற பிரஷர் மாத்திரையை வாங்கி ஜன்னல்ல வெச்சுட்டுச் சாப்பிடாம இருக்கற ஆள் அவர். கோபம்.

போன மாசம் அம்மாவைத் திருமுக்கூடல் கூட்டிப் போனேன். கல்வெட்டைக் காட்டினேன். மருந்துப் பட்டியல்னு சொன்னதும் விரலால தடவிப் பார்த்தாங்க. "இவ்ளோ பெருசா கல்லுல எழுதி வெச்சாதான் மறக்காம இருக்கும் போல"ன்னாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டு முடிச்சு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மாத்திரையைப் போட்டுக்கிட்டு, காலண்டர்ல அன்னைய தேதிமேல பென்சிலால ஒரு கோடு போட்டாங்க.