ஹைட்ரஜன் மூட்டத்தைக் கலைத்த சிறு விண்மீன் திரள்கள்

பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகளில் பேரண்டம் ஏறத்தாழ 3,000 கெல்வினுக்குக் குளிர்ந்தது. அதுவரை தனித்தனியே அலைந்த எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் இணைந்து நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களாயின. விண்மீன்களே இல்லாத இருண்ட காலம் தொடங்கியது. ஆனால் இன்று விண்மீன் திரள்களுக்கு இடையே பரவியுள்ள ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் அயனி நிலையில் இருக்கிறது. நடுவில் ஏதோ ஒன்று அந்த அணுக்களை மீண்டும் உடைத்திருக்க வேண்டும்.

அதன் முதல் தடயம் 1965இல் கிடைத்தது. ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் ஆகிய இருவரும் மிகத் தொலைவில் பிரகாசமாக ஒளிரும் 3சி 9 என்ற குவாசரின் நிறமாலையை ஆராய்ந்தார்கள். ஒளி வந்த வழியில் நடுநிலை ஹைட்ரஜன் சிறிதளவு இருந்திருந்தாலும் நிறமாலையின் ஒரு பகுதி இருண்டு போயிருக்கும். அப்படி இருளவில்லை. அவர்கள் கணித்த அந்த இருள்பட்டை, இன்னும் தொலைவிலுள்ள, அதாவது இன்னும் முந்தைய காலத்தைக் காட்டும் ஒரு குவாசரில் 2001இல்தான் தென்பட்டது. அணுக்கள் மீண்டும் உடைந்த இந்த மறு அயனியாக்கம் முதல் 100 கோடி ஆண்டுகளை ஒட்டி முடிந்தது என்ற கணக்கு இப்படித்தான் உருவானது.

செய்தது யார் என்பதில்தான் வழக்கு நீண்டது. ஹைட்ரஜன் அணுவை உடைக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளிக்கே அது உண்டு. குவாசர்கள் அதை வாரி இறைப்பவை, ஆனால் அக்காலத்தில் மிக அரிது. சிறு திரள்களோ ஏராளம். அவற்றின் ஈர்ப்பு வலுவற்றது என்பதால் சூப்பர்நோவாக்கள் வெடிக்கும்போது வாயுப் போர்வையில் ஓட்டைகள் விழும். ஒளி அவற்றின் வழியே கசியும்.

எவ்வளவு கசிந்தது என்பதை நேரடியாக அளக்க வழியில்லை. கசிந்த ஒளியை இடையிலுள்ள வாயு விழுங்கிவிடுகிறது. ஆகவே அருகில் ஒப்புமை தேடினார்கள். 2007இல் 'கேலக்ஸி ஸூ' திட்டத்தின் தன்னார்வலர்கள் படங்களில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்த சிறு திரள்களைக் கவனித்து, 'பச்சைப் பட்டாணி' என்று பெயரிட்டார்கள். அவற்றுள் ஒன்றிலிருந்து சுமார் 8 சதவீதம் அயனியாக்க ஒளி வெளியேறுவதை ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது. முடிவு 2016இல் வெளியானது.

2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் சான்று வந்தது. ஏபெல் 2744 என்ற திரள்கொத்தின் ஈர்ப்பு, பின்னாலிருந்த எட்டு மங்கலான திரள்களின் ஒளியைப் பெருக்கிக் காட்டியது. அவை எதிர்பார்த்ததைவிடச் சுமார் நான்கு மடங்கு அயனியாக்க ஒளியை உமிழ்ந்தன. எட்டே எட்டை வைத்துப் பேரண்டத்துக்கே தீர்ப்பெழுதுவது துணிச்சல்தான். அதோடு, ஒளி போதுமா என்ற பழைய கவலை தலைகீழானது. இத்தனை ஒளி தாராளமாகக் கசிந்திருந்தால், பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகள் இடங்கொடுப்பதைவிட முன்னதாகவே மறு அயனியாக்கம் முடிந்திருக்க வேண்டும். கசிவின் அளவை மறுபடி கணக்கிடும் வேலை நடந்துவருகிறது.