ஒரே டப்பா, ஒரே பிளக், வேற வேற சென்சார்

1970களின் தொடக்கத்தில் வந்த போர்ஷே 914 காரில் 1.7 லிட்டர் எஞ்சினும் உண்டு, 2.0 லிட்டர் எஞ்சினும் உண்டு. ரெண்டு எஞ்சின் பக்கத்திலும் ஒரு அலுமினிய டப்பா இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இன்லெட் மேனிஃபோல்டுக்குப் போகும், நாலு முனை உள்ள பிளக் ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் பிரஷர் சென்சார். ரெண்டையும் கழற்றி மேஜையில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. பாஷ் கம்பெனியின் 0 280 100 என்ற எண்தான் ரெண்டிலும். கடைசி மூணு இலக்கம் மட்டும் வேற: 1.7க்கு 049, 2.0க்கு 037 அல்லது 043.

"ஒரே மாதிரிதானே இருக்கு, மாத்திப் போட்டா என்ன?" இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்த சிஸ்டத்தின் கதைக்குள் போனேன்.

அதன் பெயர் டி-ஜெட்ரானிக். 'டி' என்பது ட்ரூக், ஜெர்மன் மொழியில் அழுத்தம். மூல யோசனை ஜெர்மனியில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் 1957ல் எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு இன்ஜெக்‌ஷனை அறிவித்தது. 1958 கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது வந்தது. சரியாக வேலை செய்யாமல் பலவற்றுக்குத் திரும்ப கார்ப்பரேட்டரே மாட்டினார்கள். அந்தக் காப்புரிமைகளைப் பெற்று பாஷ் வளர்த்ததுதான் 1967ல் ஃபோக்ஸ்வாகன் 1600ல் வந்தது. அமெரிக்காவின் புதிய புகைக் கட்டுப்பாடு 1968 மாடல் கார்களுக்கு அமலாக இருந்ததால் அந்த அவசரம். பிறகு வால்வோ, சாப், சிட்ரோயன் டிஎஸ், மெர்சிடீஸ், ஜாகுவார் வி12 என்று பரவியது.

இதில் பெட்ரோலின் அழுத்தம் சுமார் 2 பாரில் மாறாமல் நிற்கும். அதனால் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதை முடிவு செய்வது, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்கிறது என்பதுதான். அந்த நேரத்தை யார் சொல்வது? இங்கேதான் சென்சார் வருகிறது. டப்பாவுக்குள் காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகக் குப்பிகள் இருக்கும், பழைய பாரோமீட்டரில் இருக்குமே, அதே மாதிரி. ஐடிலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம், குப்பிகள் உப்பும், அதோடு இணைந்த இரும்புத் துண்டு காயிலிலிருந்து விலகும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அழுத்தம் ஏறும், குப்பிகள் சுருங்கும், இரும்பு காயிலுக்குள் போகும். காயிலின் இண்டக்டன்ஸ் கூடும், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமும் கூடும்.

இப்போது நாம் சொல்கிற 'மேப்' எதுவும் அந்தக் காலத்துக் கணினிப் பெட்டியில் கிடையாது. அதற்கு நினைவகமே இல்லை, டிரான்சிஸ்டர்கள் கொண்ட அனலாக் சர்க்யூட் அது. எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு அந்த உலோகக் குப்பியின் அசைவிலும், ஸ்பிரிங்கிலும், உள்ளே இருக்கிற திருகுகளின் நிலையிலும்தான் இருக்கு. அதாவது இந்தச் சென்சார் வெறுமனே அளக்கிற கருவி இல்லை, மேப்பே அதுதான். ஒரு எஞ்சினுக்காகத் தொழிற்சாலையில் திருகி, மேலே பசை ஊற்றி மூடி அனுப்பினார்கள்.

இதனால் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும். ஒரு காயில் சுமார் 90 ஓம், இன்னொன்று சுமார் 350 ஓம் காட்டும். எண் எதுவானாலும் கிட்டத்தட்ட இதேதான் வரும். வேற காரின் சென்சாரைப் போட்டாலும் பிளக் பொருந்தும், வண்டியும் ஸ்டார்ட் ஆகலாம். பல மாடல்களில் கணினிப் பெட்டியில் ஒரு திருகி இருக்கும், அதைத் திருப்பினால் ஐடில் சீராகிவிடும். "சரியாயிடுச்சு"ன்னு ரோட்டுக்கு எடுத்துப் போவாங்க. ஆனால் அந்தத் திருகி ஐடிலை மட்டும்தான் திருத்தும். மேட்டில் ஏறும்போது கலவையில் பெட்ரோல் குறைந்தால், காற்றால் குளிரும் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் அடிவாங்கும். பணம் மிச்சம் பிடித்த கணக்கு எஞ்சின் தலையைக் கழற்றும் செலவில் போய் முடியும்.

பத்துப் பதினைந்து வருஷத்தில் நிலைமை தலைகீழ். 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த பிரஷர் சென்சார் மூணு ஒயர் கொண்ட சின்ன சிலிக்கான் சமாச்சாரம். 5 வோல்ட் கொடுத்தால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒரு வோல்டேஜைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். மேப் சிப்புக்குள் போய்விட்டது. ஒரு பார் சென்சாருக்குப் பதில் இன்னொரு ஒரு பார் சென்சாரை வேற மாடலிலிருந்து எடுத்துப் போடலாம். டர்போ வண்டிக்கு 2 பார், 3 பார் என்பதை மட்டும் பார்த்தால் போதும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த மெக்கானிக் 1973 வண்டியிலும் அதையே எதிர்பார்ப்பது இயல்புதான்.

டி-ஜெட்ரானிக் சென்சார் சாவதற்கு முக்கியக் காரணம் உள்ளே இருக்கிற மெல்லிய உலோகத் தகடு விரிசல் விடுவது. கை வாக்குவம் பம்பை மாட்டிப் பார்த்தால் முள் நிற்காமல் இறங்கும், கசிவு தெரிந்துவிடும். அந்தத் தகடை மட்டும் புதிதாகச் செய்து விற்கிற சிறு பட்டறைகள் இப்போது இருக்கு. அதனால் தகடு கிழிந்தது என்பதற்காக, சரியான எண் உள்ள டப்பாவை யாரும் தூக்கிப் போடக் கூடாது என்பது என் கருத்து. குப்பிகளும் காயிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய பசையைக் குடைந்து எடுத்துத் திருகைத் தொட்டுவிட்டால் தொழிற்சாலை வைத்த அளவு போயே போச்சு, அதை எழுதி வைத்த தாள் டப்பாவோடு வராது. கசிவு சின்னதாக இருந்து பம்பால் அழுத்தத்தை நிறுத்தி வைக்க முடிந்தால், பல அழுத்தங்களில் இண்டக்டன்ஸை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அதே எண்ணில் நல்ல சென்சார் ஒன்று இரவல் கிடைத்தால் அதையும் அளந்து, பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். தகடு மாற்றிய பிறகு திருகை எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் ஆதாரம்.